எடின்பரோ பாணியில் ஒரு சிபாரிசு

14-6-1932, செவ்வாய்

பொன்னுவுக்கு விடிந்ததிலிருந்து நான்கு தடவை வயிற்றால் போய்விட்டது. பல் முளைக்கிற காலம், பயப்படாதீங்க என்று மருத்துவச்சி நல்லம்மாள் பார்த்துவிட்டுச் சொன்னாள். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? ஏழு மாதக் குழந்தை. துணியை முகர்ந்து பார்த்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி துணியை முகர்ந்து பார்த்து — இதுதான் என் பகல் முழுவதும். பி.ஏ. படித்தவள் செய்கிற வேலை.

இதற்கு நடுவில் அவருக்காக ஒரு கடிதம். அவர் விஷயத்தைத் தமிழில் சொல்லுவார், நான் இங்கிலீஷில் எழுதுவேன், அதைப் பார்த்து அவர் தன் கையால் சுத்தப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போடுவார். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து இப்படி. கோர்ட்டில் அவர் இங்கிலீஷ் போதும், வாதாடிவிடுவார். காகிதத்தில் நொண்டும். இது குமாஸ்தா வெங்கடாசலத்துக்குக்கூடத் தெரியாது.

இன்றையது சப் கலெக்டர் துரைக்கு. ஆகஸ்டில் சர்க்கார் வக்கீல் பதவி காலியாகிறது. அது அவருக்கு வேண்டும். ஊரில் பாதி வக்கீல்களுக்கு வேண்டும். “கெஞ்சற மாதிரி இருக்கப்படாது. ஆனா கெஞ்சோணும்” என்றார். இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

17-6-1932, வெள்ளி

சேலத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய சீனியருடையது. யாரோ ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ் சீமைக்குத் திரும்பிப் போகிறபோது ஏலத்தில் எடுத்ததாம். தோல் அட்டை, பூச்சி அரித்த முதுகு. நூறு வருஷத்துக்கு முன் எடின்பரோ வக்கீல்களும் லண்டன் மந்திரிகளும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். நம் துரையும் ஸ்காட்லாந்துக்காரர். “இவங்க எழுதற தோரணைய அப்படியே புடிச்சுக்க, ராஜம். துரைக்கு அவங்கம்மா கையில சோறு தின்ன மாதிரி இருக்கும்” என்கிறார்.

பொன்னு தூங்குகிற நேரமெல்லாம் படித்தேன். கீழே வைக்க முடியவில்லை. அந்த நாட்டில் அப்போது வக்கீல்தான் ராஜாங்கம். தலைமை வக்கீல் ஒருவர் எடின்பரோவில் உட்கார்ந்துகொண்டு, கடிதத்தாலேயே தேசத்தை ஓட்டுகிறார். யார் ஜட்ஜ், யார் பாதிரி, எந்தப் பட்டணத்தில் எத்தனை பேருக்கு ஓட்டு, எல்லாம் கடிதம். ஒருவர் ஜனங்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்று நாலு பக்கம் கண்ணீர் வரும்படி எழுதுகிறார். ஐந்தாம் பக்கத்தில் தங்கை மகனுக்கு ஒரு பதவி. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்களும் நம் ஜனங்கள்தான்.

அந்தப் பாணியில் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். யாருக்காவது சிபாரிசு செய்தால், அவனுடைய குறையை முதலில் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி: ‘இவருடைய அண்ணன் கலகக் கூட்டத்தில் பேசியது உண்மையே; ஆயினும் இவரிடம் படித்த பிள்ளைகள் போல் மாகாணத்தில் வேறெங்கும் இல்லை.’ குறையை ஒளிக்காதவன் சொல்லுகிற புகழை எல்லாரும் நம்புவார்கள். என்ன புத்தி! காலேஜில் மூன்று வருஷம் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

23-6-1932, வியாழன்

இன்று மனசுக்கு நிறைவாக ஒன்று செய்தேன்.

நல்லம்மாளுக்கு ஜில்லா போர்டில் மருத்துவச்சி வேலை, மூன்று வருஷமாகத் தற்காலிகம்தான். அடுத்த மாதம் போர்டு கூட்டத்தில் நிரந்தரம் செய்வதா என்று முடிவெடுப்பார்கள். நிரந்தரமானால், பிரசவ அறைக்குப் பின்னால் இப்போது இருக்கிற வீடும் அவளுக்கு நிலைக்கும். குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். இருபது வயதில் புருஷன் போனபின் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்தவள். பிரசவத்தில் பொன்னுவின் கால் முன்னால் வந்தபோது, சேலத்துக்கு வண்டி கட்டலாமா என்று எல்லாரும் வாசலில் பேசிக்கொண்டு நின்றார்கள். இவள் கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் போராடி எங்கள் இருவரையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கையை நான் மறக்க முடியுமா?

தடை ஒன்றுதான். அவள் தம்பி செங்கோடன் கள்ளுக்கடை மறியலுக்குப் போய் ஜெயிலில் இருக்கிறான்.

துரைக்கு எழுதுகிற கடிதத்தில் அவளுக்காக ஒரு பாரா சேர்க்கட்டுமா என்று அவரைக் கேட்டேன். சேர்த்துக்க என்றார். எடின்பரோ பாணியிலேயே எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இவளுடைய தம்பி தற்போதைய கிளர்ச்சியில் வழிதவறிச் சிறையில் இருப்பது உண்மையே. ஆயினும் கடமையில் இவளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை. சிறை சென்றவர்களின் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க மற்றவர்கள் அஞ்சிய நாட்களில், இவள் ஒருத்தியே துணிந்து அந்த வீடுகளுக்குள் போனாள்.’

அவர் இரண்டு தரம் படித்தார். பேரைப் போட வேண்டுமா என்று கேட்டார். பேர் இல்லாமல் சிபாரிசு எப்படி என்றேன். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நெம்ப நல்லா இருக்குது. இப்படியே இருக்கட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து ‘நெம்ப நல்லா’ என்று வருவது அபூர்வம். அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

24-6-1932, வெள்ளி

கடிதம் காலைத் தபாலில் போயிற்று. பொன்னு வயிறு நிறையக் குடித்தாள். கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு.

9-7-1932, சனி

துரையிடமிருந்து பதில். அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. வெங்கடாசலத்தைக் கூப்பிட்டு, வாசலில் காத்திருந்த கட்சிக்காரர்களுக்கும் கேட்கும்படி படித்தார். என்னிடமும் கொடுத்தார். ஏழு வரி. பதவி விஷயம் கவனத்தில் இருக்கிறதாம். கடைசி வரி: ‘போர்டு ஊழியர் ஒருவரைப் பற்றித் தாங்கள் அளித்த தகவல் மிகவும் பயனுள்ளது.’

தகவலா? நான் எழுதியது சிபாரிசல்லவா?

அவரிடம் கேட்டேன். துரைமார் அப்படித்தான் எழுதுவார்கள், நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றார். இருக்கலாம். சாயங்காலம் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து, வாத்தியாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பின்னால் இருக்கிற பெயர் அட்டவணையில் தேடினேன். அந்த ஒரு பக்கம்தான். அதற்குப் பிறகு அவர் பெயர் எங்கும் இல்லை. வேலை கிடைத்ததா, அண்ணனுக்காக இவரையும் துரத்தினார்களா — இரண்டு வக்கீல்கள் அவரைப் பற்றி எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர் எழுதியது ஒரு வரிகூட அந்தப் புத்தகத்தில் இல்லை.

20-7-1932, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் ஆராயி பாத்திரம் துலக்க வந்தவள், இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். “நல்லம்மாள வேலைய உட்டே தாட்டி உட்டுட்டாங்களாமா, அம்மிணி. இங்கிலீசுல குடுத்திருக்கறாங்க. வக்கீலூட்டு அம்மிணிகிட்டக் காட்டி, என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டுட்டு வான்னா” என்றாள்.

போர்டு உத்தரவு. தலைவர் மருதாசலத்தின் கையெழுத்து. தற்காலிக மருத்துவச்சியின் சேவை இனித் தேவையில்லை. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரணம்: நம்பத் தகுந்த இடத்திலிருந்து கிடைத்த தகவலின்படி, அவளுடைய தம்பி கிளர்ச்சியில் சிறையில் இருக்கிறான், மேலும், ‘சிறை சென்றவர்களின் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க மற்றவர்கள் அஞ்சிய நாட்களில், இவள் ஒருத்தியே துணிந்து அந்த வீடுகளுக்குள் போனாள்.’

என் வாக்கியம். நான் வைத்த காற்புள்ளி உட்பட என் வாக்கியம். ‘ஆயினும்’ மட்டும் இல்லை.

ஆராயி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லட்டுங்க என்றாள். வேலை இல்லை என்கிறார்கள், பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றேன். எதுக்காமா என்றாள். அது தெளிவாக இல்லை என்றேன்.

பொய் சொன்னேன். இத்தனை தெளிவான இங்கிலீஷை நான் என் ஆயுளில் எழுதியதில்லை.

21-7-1932, வியாழன்

நேற்று கோர்ட்டிலிருந்து அவர் வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். போர்டு போட்ட உத்தரவுக்கு என்னைக் கேட்டால் எப்படி என்றார். அந்த உத்தரவில் இருப்பது என் வாக்கியம் என்றேன். கோட்டை ஆணியில் மாட்டினார். சுருக்கம் விழாமல் இரண்டு தோளையும் நீவிவிட்டார். அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இப்படி ஆகும்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியாம கையெழுத்துப் போட நான் என்ன ரேகை வெக்கற ஆளா? நீ எழுதினத என் கையால பிரதி எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

“அவளுக்கு நல்லதுன்னுதான நான் —”

“துரை ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கறார், போர்டுல காங்கிரசு ஆளுக ஆருன்னு. நான் ஆரையும் காட்டிக் குடுக்கல. நீயா எழுதிக் குடுத்தே. அதுல ஒரு பொய் இருந்துதா சொல்லு.”

பொய் இல்லை. பொய் இல்லை! தகப்பன் பேர் தெரியாத மொட்டைக் கடுதாசி என்றாலாவது ஒருவன் துப்பிவிட்டுக் கிழித்துப் போடுவான். இது அன்பாக எழுதினது. அழகாக எழுதினது. நம்பும்படி எழுதினது.

இவர் காலேஜ் நாளில் கதர் கட்டினவர். சம்பந்தம் பேச வந்தபோது அதைத்தான் அப்பா பெருமையாகச் சொன்னார். பொன்னு பிறந்த அன்று, வாசலில் நின்று நல்லம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டவர் இதே மனுஷன்தான். அந்தக் கையாலேயே பிரதி எடுத்திருக்கிறார்.

என்னைச் சொல்ல வேண்டாமா? ‘நெம்ப நல்லா இருக்குது’ என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே. ச்சீ.

22-7-1932, வெள்ளி

சாப்பிடப் பிடிக்கவில்லை. பொன்னுவுக்குப் பால் வேண்டுமே என்று சாப்பிட்டேன்.

26-7-1932, செவ்வாய்

காலையில் பொன்னுவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நூற்று மூன்று. வயிற்றோட்டம் நிற்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. அவர் கேஸுக்காகச் சேலம் போயிருந்தார். டாக்டர் சங்ககிரியிலிருந்து வருவதற்குள் பொழுது சாயும். யாரைக் கூப்பிடுவேன்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவேன்? குழந்தை தலையை இப்படியும் அப்படியும் உருட்டியதைப் பார்த்ததும் முகமாவது மண்ணாவது. ஆராயியை ஓடச் சொன்னேன்.

நல்லம்மாள் வந்துவிட்டாள். வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாளாம், முழங்கை வரை தூசி. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். குழந்தையின் உடுப்பை எல்லாம் கழற்றி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நொய்க் கஞ்சியின் தெளிவில் உப்புப் போட்டுச் சங்கில் துளித் துளியாக ஊற்றினாள். “தின்னுங்க சாமி, தின்னுங்க. எங்க ஊட்டுச் சாமியில்ல” என்று பொன்னுவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு வியர்த்தது. நூறுக்கு இறங்கியது.

அப்போதுதான் சொன்னேன். உத்தரவில் இருக்கிற காரணத்தைச் சொன்னேன். அந்த வாக்கியம் நான் எழுதினது என்று சொன்னேன். பொன்னுவின் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“வக்கீலய்யா எழுதினாருன்னு ஊர்ல பேச்சு. நீங்களாங்க?”

“உனக்கு நல்லது நினைச்சுத்தான் நல்லம்மா. சத்தியமா.”

“நெனச்சிருப்பீங்க. நெனைக்கலைன்னு நான் சொல்லலீங்க.” துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க, அம்மிணி. ரெண்டு தெரு தள்ளித்தான குடியிருந்தேன்.”

அரை மணிக்கொரு தரம் இரண்டு சங்கு கஞ்சித் தண்ணீர், சங்கைக் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். யாரும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால் ‘வாரேன்’ என்று சொல்லாமல் போவார்களா? போனாள்.

29-7-1932, வெள்ளி

பொன்னுவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மெலிந்துபோனாள். இன்று துரைக்கு நான் எழுதினேன். என் பேரில், என் கையெழுத்தில். அந்தப் பாராவை எழுதியவள் நான். அது சிபாரிசாக எழுதப்பட்டது. அதிலிருந்து பாதியை எடுத்து ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போனவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்ப்பது குற்றம் என்றால் எந்தச் சட்டத்தில் என்று காட்டுங்கள். நாலு பக்கம். எடின்பரோ இல்லாமல், பாணி இல்லாமல், கொதிக்கக் கொதிக்க எழுதினேன்.

பொன்னுவை இடுப்பில் எடுத்துக்கொண்டு, ஆராயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே தபாலாபீஸுக்கு நடந்தேன். வக்கீல் வீட்டுப் பெண் கடைத்தெருவில் நடந்தால் தராசைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது. போஸ்ட்மாஸ்டர் சென்னிமலை விலாசத்தைப் படித்துவிட்டு, “அய்யாவுக்குத் தெரியுமுங்களா?” என்றார். ரிஜிஸ்தர் செய்ய வேண்டும், முத்திரையை அழுத்திக் குத்துங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆராயி, “இத்தனை தகிரியத்தையும் அந்தக் காயிதத்துக்கு முந்தியே காட்டியிருந்தா நல்லம்மாளுக்கு ஊருக்குப் போற வண்டிக் கூலியாவது மிச்சமாயிருக்குமுங்க” என்றாள். நியாயம்தானே.

2-8-1932, செவ்வாய்

ஆடிப் பதினெட்டு. ஊரே காவேரிக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை. நல்லம்மாள் இன்றைக்குத்தான் குமாரபாளையத்துக்குப் போனாள். ஒரு மாட்டு வண்டி, ஒரு தகரப் பெட்டி, ஒரு அம்மி. முளைப்பாலிகையும் தேங்காயுமாகப் போகிற வண்டிகளுக்கு நடுவில் அவள் வண்டியும் போயிற்று. பார்க்கிறவர்கள் அவளும் திருவிழாவுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

11-8-1932, வியாழன்

துரை இவரைக் கூப்பிட்டு அனுப்பினாராம். என் கடிதத்தை மேஜைமேல் போட்டுச் சிரித்தாராம். உங்கள் கடிதத்தில் எங்கள் ஊர் வாசனை எப்படி வருகிறது என்று நான் அதிசயப்பட்டதுண்டு, இப்போது தெரிகிறது என்றாராம். எவ்வளவு நன்றாக எழுதுகிறார் உங்கள் மனைவி என்றாராம்.

“என் மூஞ்சியில கரியப் பூசிட்டே” என்றார் இவர். மூன்று வருஷமாகப் பெண்டாட்டி எழுதிக் கொடுத்துத்தான் கையெழுத்துப் போட்டான் என்று கோர்ட்டில் வக்கீல்களின் பார் ரூமில் பேசுவார்களாம். பேசட்டும் என்றேன். நல்லம்மாளைப் பற்றித் துரை என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அதப் பத்தி ஒண்ணும் பேசல.”

நாலு பக்கம்! நாலு பக்கமும் அவளைப் பற்றித்தான் எழுதினேன். அந்த ஆள் என் நடையைப் படித்திருக்கிறான்.

18-8-1932, வியாழன்

சர்க்கார் வக்கீல் உத்தியோகம் அவருக்கே கிடைத்துவிட்டது.

போர்டுத் தலைவர் மருதாசலம் ரோஜா மாலையோடு வந்தார். கூடத்தில் அவர் பேசியது எனக்கு உள்ளே கேட்டது. “சொந்த ஊட்டுலயே எதிர்ப்பு இருந்தும் சர்க்கார் பக்கம் அசையாம நின்ன மனுசன்னு துரை உங்கள நெம்ப மெச்சிக்கிட்டாருங்க.” இவர் மறுக்கவில்லை. பணிவாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. காப்பி கேட்டார்கள். ஆராயியிடம் கொடுத்தனுப்பினேன்.

ஆக, முதல் கடிதத்தில் அவளைக் கவிழ்த்தேன். இரண்டாவது கடிதத்தில் இவரைத் தூக்கி உட்கார வைத்தேன். கோபமாக எழுதினாலும் அவர்களுக்கு லாபம், அன்பாக எழுதினாலும் அவர்களுக்கு லாபம். என்ன படிப்புப் படித்தேன் நான்? பேனாவை உடைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் சாணி தட்டலாம்.

துரைக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் தொடவில்லை.

4-9-1932, ஞாயிறு

ஆராயியின் மருமகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. புது மருத்துவச்சி வரவில்லை, எப்போது வருவாள் என்று போர்டிலும் சொல்லவில்லை. போன வாரம் கீழத் தெருவில் ஒரு பெண் பிரசவத்திலேயே போய்விட்டாள். பத்தொன்பது வயது. நல்லம்மாள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேனே தவிர, நெஞ்சு வேறு சொல்கிறது.

இன்று ஆராயி பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். நூல் நூற்கிறவர்கள், களை வெட்டுகிறவர்கள். நல்லம்மாளைத் திரும்பப் போடச் சொல்லிப் போர்டுக்கு மனு எழுத வேண்டும். என்னால் முடியாது, நான் எழுதினால் விளங்காது என்றேன். “அந்தத் தப்பெழுத்தெல்லாம் எழுதினீங்களே, ஒரு நல்லெழுத்து எழுதினா கை சுளுக்கிக்குமாங்க?” என்றாள் ஆராயி. மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஒரு மாதத்துக்குப் பிறகு.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நல்லம்மாள் வந்து கேட்டால்தான் எழுதுவேன்.

அவள் வெளியே வண்டியில்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் சொன்னேன். அவள் சரி என்ற பிறகுதான் இங்கிலீஷில் எழுதினேன். தம்பி விஷயத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எந்தம்பி செயில்ல இருக்கறான்னு போடுங்க. அதுதான் ஊருக்கே தெரியுமே. ‘வழி தவறி’ங்கறத மட்டும் போடாதீங்க. அவன் வழி தெரிஞ்சுதான் போனான்” என்றாள்.

கடைசியில் நான் ஒரு பாரா சேர்த்திருந்தேன். அவளுடைய வேலை போனதற்கு என்னுடைய கடிதமே காரணம், அதற்காக வருந்துகிறேன் என்று. அதையும் தமிழில் சொன்னேன். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நல்லம்மாள் கேட்டுவிட்டு, “இத அடிச்சிருங்க அம்மிணி” என்றாள்.

இதுதான் முக்கியம் என்றேன். இது உண்மை, இது இல்லாமல் எப்படி என்றேன்.

“இது உங்க பாரமுங்க. எம் மனுவுல இது எதுக்குங்க?”

அடித்தேன். ஒரு கோடு போதும், ஆனால் மூன்று கோடு போட்டேன். புதுத் தாளில் மறுபடி எழுதினேன். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. வந்தவர்களும் அவர்கள் போய்க் கூட்டிவந்தவர்களுமாக இருபத்தேழு பேர் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். நல்லம்மாள் மட்டும் தமிழில் கையெழுத்துப் போட்டாள், பெரிய எழுத்தாக. என் பேர் எங்கேயும் இல்லை.

6-9-1932, செவ்வாய்

மனு போயிற்று. சர்க்கார் வக்கீல் வீட்டுப் பின்கட்டிலேயே மனுக் கச்சேரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

19-10-1932, புதன்

ஆராயி மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினாறு நாளாகிறது. நல்லம்மாள் குமாரபாளையத்திலிருந்து வண்டியில் வந்து பிரசவம் பார்த்தாள்.

இன்று போர்டிலிருந்து பதில் வந்திருக்கிறதென்று மறுபடி வந்தாள். விலாசம் அவள் பேருக்கே இருந்தது. உறை பிரிக்காமல் கொண்டுவந்திருந்தாள். ஒண்ணும் உடாமப் படிங்க என்றாள். படித்தேன். மனு பரிசீலிக்கப்பட்டது. இந்த ஊரில் இடமில்லை. பனமரத்துப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக நியமிக்கப்படுகிறாள். தம்பியைப் பற்றியோ அவளைப் பற்றியோ மறுபடி புகார் வந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கப்படுவாள். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. இருந்தது இருந்தபடி படித்தேன்.

“செரி, ஆறு மாசம். அதுக்குள்ள எத்தனை கொழந்தை பொறக்கும்” என்று காகிதத்தை நாலாக மடித்தாள். இந்த ஊருக்கு யாராம் என்று ஆராயி கேட்டாள். அது இதில் எழுதவில்லை என்றேன். பொன்னு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தூக்கி, வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். புது இடத்தில் சேருகிற தேதியைப் போர்டுக்கு எழுதித் தர வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு வரி. வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போது அவர் ஆபீஸ் அறையில் துரைக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நெடுநேரம் பேனா ஓடாமல் இருந்தது. பிறகு உள்ளிருந்தே, “ராஜம், ‘விசுவாசம்’ங்கறதுக்கு இங்கிலீசுல கொஞ்சம் நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லு” என்றார்.

அகராதி அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது என்றேன்.